சேவல் கூவ ஏழு மாதம் ஆனது

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்தை நேற்று ராத்திரி மறுபடி முழுசாகக் கேட்டேன். 1964 ஏப்ரலில் லண்டனில் வந்தது. மொத்தம் 12 பாட்டு, அதில் எழுதியவர்கள் என்று குழுவின் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர் போட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான். மிச்சத்தில் பெரும்பாலானவை சக் பெர்ரி, ஜிம்மி ரீட், ஸ்லிம் ஹார்ப்போ என்று அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் ஏற்கெனவே பாடியவை.

அதில் தப்பே இல்லை. இந்தக் குழு உருவானதே அப்படித்தான். 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் தன் சின்ன வயசுப் பள்ளித் தோழன் மிக் ஜாகரைப் பார்க்கிறார், ஜாகர் கையில் சக் பெர்ரி ரெக்கார்டும் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) பாடகர் மடி வாட்டர்ஸின் ரெக்கார்டும் இருக்கின்றன, பேச்சு தொடங்கிவிடுகிறது. குழுவின் பெயரும் மடி வாட்டர்ஸ் 1950இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து எடுத்ததுதான்.

ஆனால் அந்த மடி வாட்டர்ஸின் 'ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ'வை முதல் ஆல்பத்தில் என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் தெரியுமா! வில்லி டிக்சன் எழுதி மடி 1954இல் பாடியதைக் கேட்டால், மனுஷன் எங்கேயும் ஓடமாட்டார், நின்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார், இடையில் விடுகிற இடைவெளியில்தான் ஆசையே இருக்கும். ஸ்டோன்ஸ் அதைக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் வாசித்து முடித்துவிட்டார்கள். கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது, ப்ளூஸ் மட்டும் எங்கேயோ நழுவிவிட்டது.

அப்புறம் அதே வருஷம் ஜூனில் சிகாகோ போய், மடியும் இன்னொரு ப்ளூஸ் பாடகரான ஹவுலின் உல்ஃபும் பதிவு செய்த அதே செஸ் ஸ்டூடியோவில் இவர்களும் பதிவு செய்தார்கள். அந்தப் பயணம்தான் மாற்றியதா என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நவம்பரில் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' (சின்னச் சிவப்புச் சேவல்) வந்தபோது அவசரம் காணாமல் போயிருந்தது. அதுவும் டிக்சன் எழுதி உல்ஃப் பாடியதுதான். குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பிரையன் ஜோன்ஸின் ஸ்லைடு கிட்டார் (தந்தியில் குழாயை வழுக்கி வாசிப்பது) சோம்பல் முறிக்கிற மாதிரி இழைகிறது, ஜாகரும் அடக்கித்தான் பாடுகிறார். இவ்வளவு மெதுவான ப்ளூஸைத் சிங்கிளாக, அதாவது தனி ரெக்கார்டாக விட்டு, அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது என்பதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

ஸ்லிம் ஹார்ப்போவே பாடியிருக்கும்போது நாங்கள் பாடியதை எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஜாகரே பிற்பாடு கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் சேவல் பாட்டுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி.

1965 மே மாதம் 'ஷிண்டிக்' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சிக்கு அழைத்தபோது, ஹவுலின் உல்ஃபும் வரவேண்டும் என்று இவர்கள் கேட்டு வரவைத்தார்கள். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். உல்ஃபைப் பற்றித் தொகுப்பாளர் கேட்கிறார், பிரையன் ஜோன்ஸ் கொஞ்சம் பதில் சொல்லிவிட்டு, போதும் பேச்சை நிறுத்துங்கள், அவரை மேடைக்குக் கூப்பிடுங்கள் என்கிறார். அந்தப் பெரிய உருவம் வந்து பாட ஆரம்பிக்கிறது, ஸ்டோன்ஸ் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.