ரசத்துக்கு ஏற்ற ஜோடி: மடக்கு விறகடுப்பும் டைட்டானியம் பாத்திரமும்

சைக்கிள் பயணத்துக்கு எடுத்துப்போகும் சமையல் சாமான்களைக் குறைத்துக்கொண்டே வந்ததில், இப்போது மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: ஆறு டைட்டானியம் தகடுகளைக் கீலில் கோத்த மடக்கு விறகடுப்பு, 900 மி.லி. பிடிக்கும் அகலமான டைட்டானியம் பாத்திரம், ஒரு எவர்சில்வர் தட்டு, நீளக் காம்பு வைத்த ஒரு தாளிப்புக் கரண்டி. அடுப்பு 120 கிராம். மடக்கினால் ஒரு பாக்கெட் நோட்டு அளவுக்குத் தட்டையாகிவிடும். பாத்திரமும் மூடியோடு கிட்டத்தட்ட அதே எடைதான். அடுப்பையும் பாத்திரத்தையும் தனித்தனியாகப் பாராட்டி எழுத வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து வேலை வாங்குவதில்தான் விஷயம் இருக்கிறது, இந்தக் குறிப்பும் அதைப் பற்றித்தான்.

கேஸை விட்டு விறகுக்கு வந்ததற்குக் காரணம் எளிது. மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் சின்ன கேஸ் குப்பி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ரயிலில் கொண்டுபோக அனுமதியில்லை, விமானத்தில் அறவே முடியாது. சைக்கிளை ரயிலில் ஏற்றி எங்கோ இறங்கி மிதிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு, போகிற இடத்திலேயே எரிபொருள் கிடைப்பது பெரிய நிம்மதி. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் எரிபொருளைத் தேட வேண்டியதே இல்லை, காலடியில் கிடக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த அடுப்பைக் காட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கி உயிரிழந்ததை மறந்துவிட்டு யாரும் இதைத் தொடக் கூடாது. நான் பற்றவைப்பது சொந்தக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கிய தோப்பிலும், வீட்டு மொட்டை மாடியிலும்தான். தோப்பிலும்கூட சுற்றிலும் இரண்டடிக்குச் சருகைக் கூட்டி ஒதுக்கி, அடியில் ஒரு பிஸ்கட் டின் மூடியை வைத்து, பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தால்தான் தீப்பெட்டியை எடுப்பேன்.

சரி, ஜோடிக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் அடுப்பைத் தேர்வு செய்கிறார்கள். பாத்திரத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. டைட்டானியம் லேசான உலோகம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம்தான், எவர்சில்வரோ 8 கிராமை ஒட்டி வரும். பலமும் அதிகம் என்பதால் தகட்டை மெல்லியதாகவே அடித்துவிடுகிறார்கள். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். அலுமினியம் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகக் கடத்தும். மெல்லிய தகடு, மந்தமான கடத்தல், இரண்டும் சேர்ந்தால் தீ எங்கே படுகிறதோ அங்கே மட்டும் கொதிக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் சுவருக்கு அந்தச் சூடு அவ்வளவாகப் பரவாது. அதனால் பாத்திரத்தின் அடி எவ்வளவு அகலம் என்பதுதான் முதல் கேள்வி.

என்னிடம் 750 மி.லி. பாத்திரமும் உண்டு. 95 மி.மீ. விட்டம், உயரமானது, பார்க்க அழகு, பையில் ஒடுங்கி உட்காரும். 900 மி.லி. பாத்திரம் 130 மி.மீ. விட்டம், ஆழம் குறைவு. விட்டத்தில் வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர்தான், ஆனால் அடிப்பரப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. கேஸ் அடுப்பில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அந்தத் தீயை அடக்கிக் குறுக்கிக்கொள்ளலாம். விறகுத் தீ அலைபாயும். உயரமான பாத்திரத்தில் அது அடியைத் தொட்டவுடன் பக்கவாட்டில் ஏறி வெளியே ஓடிவிடுகிறது. கைப்பிடிதான் காய்கிறது. அகலமானதில் தீ அடி முழுக்கத் தடவிக்கொண்டுதான் விளிம்புக்கு வர வேண்டியிருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் உயரமானதில் பதினொரு பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. அகலமானதில் எட்டு நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது. அதே விறகு, அதே இடம்.

அடுத்து, பாத்திரத்துக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி. என் அடுப்பின் வாய் சுமார் 76 மி.மீ. அதன்மேல் 130 மி.மீ. பாத்திரத்தை நேராக வைத்தால் வாய் அடைபடும். புகைக்கு வழியில்லாமல் விறகு போடும் கதவு வழியாக முகத்துக்கே வரும், தீ அமுங்கும். பழைய சைக்கிள் ஸ்போக்கு இரண்டை எடுத்து அலை அலையாக வளைத்து, வாயின் குறுக்கே வைக்கிற மாதிரி செய்துகொண்டேன். அலையின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது ஒரு விரல்கடை அகலம். பாத்திரத்தை ஏற்றியதும் வித்தியாசம் காதிலேயே கேட்கும். ‘ஹூ’ என்று காற்று இழுக்கும், கீழே இருக்கும் துளைகளில் கங்கு வெளுக்கும். மூன்று சென்டிமீட்டர் உயர்த்தியும் பார்த்தேன். காற்றில்லாத மாடியில் அதுவும் நன்றாகவே இருந்தது. தோப்பில் லேசாகக் காற்று அடித்தாலே தீ பாத்திரத்தைத் தொடாமல் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒன்றரையில் நிறுத்திக்கொண்டேன். ஸ்போக்கு தீயில் காய்ந்து காய்ந்து விறைப்பு போய்விடும். நிறைந்த பாத்திரம் ஒரு கிலோதான் என்பதால் தாங்குகிறது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் அடுப்பைப் பற்றி எழுத முடியாது. ஜூன், ஜூலையில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அடிக்கிற காற்றில்தான் அத்தனை காற்றாலைகளும் சுற்றுகின்றன. அந்த மாதங்களில் இந்த அடுப்புக்கு மூன்று பக்கமும் மறைப்பு வேண்டும். அதற்காகத் தனியாக எதுவும் சுமப்பதில்லை, சைக்கிள் பைகளையே தள்ளி நிறுத்திவிடுவேன். கதவு காற்று வரும் பக்கம் பார்த்திருந்தால் விறகு பொசுக்கென்று தீர்ந்துவிடும். காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் நிதானமாக எரியும்.

இப்போது எரிபொருள். எனக்கு இதில்தான் ஆசை அதிகம்.

அரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 157 கிலோஜூல் போதும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15,000 கிலோஜூலுக்கு மேல் இருக்கிறது. கணக்குப்படி பத்து கிராம் விறகு! உண்மையில் நான் தராசில் நிறுத்துப் போட்டதில் நூறு கிராம் அளவுக்கு ஆனது. மீதிச் சூடெல்லாம் காற்றுக்கும் தகட்டுக்கும் கங்குக்கும் போகிறது. நூறு கிராம் என்றால் இரண்டு கை நிறைய சுள்ளி. ஆகவே எரிபொருள் தட்டுப்பாடு என்ற பேச்சே இல்லை. எது, எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

பற்றவைக்கத் தென்னம் பன்னாடைக்கு ஈடு கிடையாது. காய்ந்த பன்னாடையைப் பிய்த்துப் பஞ்சாக்கி வைத்தால் ஒரே குச்சியில் பிடித்துக்கொள்ளும். பாளையும் உடனே பிடிக்கும், ஆனால் அடர்புகை, கரியும் அதிகம். தொடக்கத்துக்கு ஒரு துண்டு போதும். அடுத்து பென்சில் கனத்துச் சுள்ளிகள், அதன்பின் கட்டைவிரல் கனத்துத் துண்டுகள். அதற்கு மேல் கனமானது இந்தச் சின்ன வயிற்றுக்கு ஆகாது. சவுக்கு கிடைத்தால் பிரமாதம், சீமைக் கருவேல் அதைவிட நின்று எரியும். முருங்கை வேண்டாம், ஊதி ஊதி வாய்தான் வலிக்கும். நெடுஞ்சாலை நடுவில் வெட்டிப் போட்டிருக்கும் அரளிக் குச்சிகளைத் தொடவே கூடாது, அதன் புகையும் விஷம்.

எல்லாவற்றுக்கும் மேல் கொட்டாங்குச்சி. ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் அடுப்பை விரித்துக்கொண்டிருந்தபோது தோப்புக்காரப் பெரியவர் வந்து நின்றார். “ஏனுங்க தம்பி, இத்தினியூண்டு அடுப்புல சோறு வேகுமுங்களா?” என்றார். “வேகுமுங்கய்யா, இருந்து பாருங்க” என்றேன். அவர் இருந்தார், சும்மா இருக்கவில்லை. நான் கொட்டாங்குச்சியை அரை மூடியாகவே உள்ளே வைத்ததைப் பார்த்துவிட்டு, “அப்படிக் கவுத்துனா காத்து எங்கிங்க போகும்? ஒடச்சு நிக்க வெச்சு அடுக்குங்க” என்று அவரே கல்லில் தட்டி உடைத்துக் கொடுத்தார். தீப்பெட்டி அகலத்துத் துண்டுகளாக, விளிம்பு மேலே பார்க்க, இடைவெளி விட்டு நிறுத்தி அடுக்கியதும் அடுப்பு வேறு ஆளாகிவிட்டது. கொட்டாங்குச்சி எரிகிறபோது ஓரத்தில் எண்ணெய் கசிந்து பொரியும், மஞ்சள் தீ குட்டையாக, கனமாக நிற்கும். அது அடங்கிய பிறகு கிடைக்கிற கங்குதான் இன்னும் பெரிய வரவு. சுள்ளிக் கங்கு கண் சிமிட்டுவதற்குள் சாம்பலாகிவிடும், இது கால் மணி நேரம் அப்படியே நிற்கும்.

என்ன சமைக்கலாம்? கெட்டியாகிற எதுவும் டைட்டானியத்தில் அடிப்பிடிக்கும். பொங்கல், உப்புமா, கிச்சடி எல்லாம் தீ பட்ட வட்டத்தில் கருகும், ஓரத்தில் வேகாமல் நிற்கும். துவரம்பருப்பு வேக முக்கால் மணி நேரம் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டு மலையேற்றக்காரர்கள் இந்தப் பாத்திரத்தை வெந்நீர் போட மட்டும்தான் எடுத்துப்போகிறார்கள், பொட்டலத்தில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அது தேவையில்லை. நம் சமையலில் தண்ணீராகவே இருந்து வேலை முடிகிற பதார்த்தங்கள் இருக்கின்றன.

சோற்றை வடித்தால் போதும். அரை மணி நேரம் ஊறிய 150 கிராம் பொன்னி பச்சரிசி, 600 மி.லி. தண்ணீர். தண்ணீர் தாராளமாக இருப்பதால் அரிசி புரண்டுகொண்டே இருக்கும், அடியில் உட்கார நேரமில்லை. தண்ணீர் கொதித்த பிறகு போட்டால் பன்னிரண்டு நிமிடத்தில் பதம். மூடியில் இருக்கும் வடிதுளைகள் வழியாகக் கஞ்சியை டம்ளருக்கு வடித்து, உப்புப் போட்டுக் குடித்துவிடலாம். சோறு தட்டுக்குப் போகும்.

அதே பாத்திரத்தில் அடுத்தது ரசம். புளித்தண்ணீர், பிசைந்த தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு. ரசம் கொதிக்கக்கூட வேண்டாம், நுரை கட்டினால் இறக்கிவிட வேண்டியதுதான். இந்த ஜோடிக்கென்றே அளந்து செய்தது போல இருக்கிறது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது, உலோக வாடையும் வராது. ஈயச் சொம்பு ரசத்தின் மணமே தனி, மறுக்கவில்லை. ஆனால் ஈயச் சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும், உள்ளே தண்ணீர் இல்லாமல் தீயில் வைக்க முடியாது. டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும். தீயை அடக்க முடியாத விறகடுப்பில் அந்தத் தைரியம் பெரிது. தாளிப்பை மட்டும் பாத்திரத்தில் செய்வதில்லை, மெல்லிய தகட்டில் எண்ணெய் நொடியில் கருகும். ரசத்தை இறக்கிவிட்டு, மிச்சமிருக்கும் கொட்டாங்குச்சிக் கங்கின்மேல் கரண்டியைக் காட்டினால் நெய் உருகி, கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்துவிடும். தாளிப்பு ரசத்தில் விழும் ‘சொய்ங்’ சத்தத்துக்கு அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, “மொளவு சித்த தூக்கலுங்க, நல்லாத்தான் இருக்குது” என்றார்.

கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே கரி பிடிக்காமல் இருக்காது. கிராமத்தில் செய்வதுபோல் சாம்பலைக் குழைத்து அடியிலும் பக்கத்திலும் மெல்லிசாகப் பூசிக் காயவைத்து ஏற்றினால், கழுவும்போது கரி சாம்பலோடு வந்துவிடும். சாம்பலின் காரம் அலுமினியத்தைத் தின்னும், இதற்கு ஒன்றும் ஆகாது. கரி போன பிறகு அடியில் தங்க நிறமும் ஊதாவும் நீலமும் வளையம் வளையமாகத் தெரியும். சூட்டில் மேலே வளரும் ஆக்சைடு படலத்தின் கனம் மாற மாற ஒளி அப்படி நிறம் காட்டுகிறது. எங்கே அதிகமாகக் காய்ந்தது என்று அந்த வளையங்களே சொல்லும். என் பாத்திரத்தில் நீலம் நடுவில் இல்லை, கதவுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. தீ அந்தப் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் பாத்திரத்தைப் பாதி வேலையில் அரை வட்டம் திருப்பி வைக்கத் தொடங்கினேன்.

நண்பர் ஒருவரின் சோலோ ஸ்டவ் லைட் அடுப்பிலும் இதே பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் அடுப்பு, 255 கிராம். சுவர்களுக்கு நடுவில் சூடாகி ஏறும் காற்று மேல் துளைகளில் வெளிவந்து புகையையே எரித்துவிடுகிறது. துளைக்குத் துளை சின்னச் சின்னத் தீயாக, பார்க்கவே திருப்தி. கரி நிச்சயமாகக் குறைவு. விறகை அந்த மேல் துளைகளுக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டால் புகையும் இல்லை. வீட்டு மாடியில் சமைக்கிறவர்களுக்கு, காரில் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சைக்கிளில் ஒவ்வொரு கிராமையும் நானே மிதிக்க வேண்டியிருப்பதால் மடக்கு அடுப்பு என்னோடு இருக்கட்டும்.

அடுத்ததாக மழைக்காலத்து விறகைப் பார்க்க வேண்டும். மேலே நனைந்த சவுக்குக் குச்சியைக் கத்தியால் பிளந்தால் உள்ளே காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் ஒரு சோறு வடிக்கிற அளவுக்குப் பிளக்க நேரம் ஆகிறது. கொட்டாங்குச்சித் துண்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி அரை கிலோ சுமந்து போவதா, அங்கேயே பிளந்துகொள்வதா என்று ஐப்பசி மழையில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.