இந்த மாதம் வாங்கிய வட்டுகள்

சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றும் ப்ளூரேயில் கைக்கு வந்துவிட்டன! மச்சான் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தார். 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் கருகிய மூல நெகட்டிவ்களை இத்தாலியின் போலோக்னாவில் கையாலேயே ஒட்டிச் சரிசெய்து மீட்டிருக்கிறார்கள். பூத்த நாணலுக்கு அப்பால் ரயில் போகிற காட்சியில், அந்த வெள்ளைப் பூக்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ப்ளூரே வட்டுகளை நாடுவாரியாக மண்டலம் பிரித்து விற்கிறார்கள்; ஒரு மண்டலத்து வட்டு பெரும்பாலும் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. அமெரிக்க ப்ளூரே பெரும்பாலும் ஏ மண்டலம், நம் நாடு சி மண்டலம். என் பிளேயர் வட்டை ஏற்கவே இல்லை. பாளையங்கோட்டை நண்பர் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரைக் கொடுத்து உதவினார்.

அப்புறம், நெல்லை ஜங்ஷன் பக்கம் கடையை மூடப்போகும் அண்ணாச்சி ‘உதிரிப்பூக்கள்’ டிவிடியை எடுத்து வைத்திருந்தார். “நீங்க கேப்பீங்கன்னு தெரியும்லா” என்றார். 1979இல் வந்த மகேந்திரன் படம். நம்ம புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்த கதை. ஆனால் பிரதியில் வண்ணம் வெளிறி, இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியவில்லை. அசோக்குமாரின் ஒளிப்பதிவை இப்படிப் பார்க்க மனசு வலிக்கிறது. ராய்க்குக் கிடைத்த அந்த அக்கறை இந்தப் படத்துக்கும் கிடைக்கணும். அந்த ஆற்றங்கரை முடிவை ஒரு முறையாவது தெளிவாகப் பார்க்கணும்.

இதைவிட நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க, வண்ணார்பேட்டையிலிருந்து எங்கே வேண்டுமானாலும் வந்து பார்க்கிறேன்.