கோபத்துக்கு அஞ்சு மார்க்

நியூஸ் சேனல்ல சோஷியல் மீடியா டெஸ்க்ல இருக்கேன், தலைவர்கள் பேசுறத வெட்டி கிளிப்பா போடுறது தான் பெரும்பாலும் வேலை. ஒரு மணி நேரப் பேச்சுல வரி, வேலைவாய்ப்பு, திட்டத்துக்குக் காசு எங்கேருந்து வரும்னு பொறுமையா சொல்ற இடமும் இருக்கும், "உங்களுக்கு வரவேண்டியத அவனுங்க அள்ளிட்டுப் போறானுங்க"ன்னு கத்துற இருபது செகண்டும் இருக்கும். எது பறக்கும்னு தெரிஞ்சது தானே.

ஆனா அந்த வியூஸ் நம்பர நாங்க மட்டும் பாக்கல, பேசுன தலைவரோட டீமும் தான் பாக்குது. அடுத்தடுத்த கூட்டத்துல வரி பத்தின பேச்சு சுருங்கிரும், கத்துற இடம் கூடிரும், கடைசில கிளிப்புக்காகவே பேசுற ஆளா மாறிடுறாங்க. இத நான் கண்ணால பாத்திருக்கேன், ஒரு கட்சில மட்டும் இல்ல.

எந்த போஸ்ட்ட மேல காட்டணும்னு கணக்குப் போடுறப்ப ஃபேஸ்புக் 2017ல எமோஜி ரியாக்‌ஷனுக்கெல்லாம் லைக்க விட 5 மடங்கு மதிப்பு குடுத்துச்சு, கோப எமோஜியும் அதுல சேர்த்தி. கோபம் நிறைய வாங்குற போஸ்ட்ல பொய்த் தகவலும் அதிகமா இருக்குன்னு அவங்க ஆளுங்களே கண்டுபிடிச்சாங்க, அப்பயும் கோப எமோஜியோட மதிப்ப ஜீரோ ஆக்க 2020 ஆயிடுச்சு. 2021ல ஃபேஸ்புக்ல முன்னாடி வேலை பாத்த பிரான்சஸ் ஹாகன் வெளிய கொண்டுவந்த ஆவணங்கள்ல இன்னொண்ணு இருக்கு, 2018ல ஃபேஸ்புக் அந்த கணக்க, அதாவது அல்காரிதத்த, மாத்துனதுக்கு அப்புறம் எதிராளியத் தாக்கிப் பேசுனா தான் எடுபடுதுன்னு ஐரோப்பாவுல சில கட்சிங்களே ஃபேஸ்புக்கிட்ட புலம்பியிருக்காங்க. தாக்குறவங்களே புலம்புற நிலைமைன்னா பாத்துக்கங்க.

கமெண்ட் படிக்கிறதும் என் வேலை தான். ஜனங்க முட்டாள், எத வேணாலும் நம்புவாங்கன்னு ஆபீஸ்ல யாராவது சொன்னா எனக்கு ஆத்திரமா வரும். அங்க எழுதுறவங்கள்ல வேலை போனவர் இருக்கார், வாடகை கட்ட முடியாதவங்க இருக்காங்க, யார்கிட்ட சொல்லியும் நடக்காம ஓய்ஞ்சு போனவங்க இருக்காங்க. அந்த வலி நிஜம். அதுக்கு காரணம் பத்து இருக்கும், எல்லாம் சிக்கலானது, எதையும் இருபது செகண்டுல சொல்ல முடியாது. அங்க ஒருத்தர் வந்து "இவனுங்க தான் காரணம், நான் ஒரே நாள்ல சரி பண்றேன்"ங்கிறார், அவங்க பேச்ச யாரோ கேட்ட மாதிரி இருக்கு, ஷேர் பண்றாங்க.

இப்பல்லாம் வாக்குறுதி கிளிப் போடும்போது "எப்படி செய்வீங்க"ன்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதிலையும் அதே கிளிப்ல சேக்கணும்னு டெஸ்க்ல சண்டை போடுறேன், பதில் சொல்லாம நழுவியிருந்தா அதையும். வியூஸ் கம்மியா தான் வருது, எடிட்டருக்கு பாதி மனசு தான். ஆனா அந்த கிளிப்புக்குக் கீழ வசவுக்கு நடுவுல "சரி, இதுக்கு பணம் எங்க இருக்கு?"ன்னு ஜனங்களே கேக்க ஆரம்பிக்கிறாங்க, அந்த கமெண்ட்ஸ தான் நான் மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போறேன்.