கபடு வாராத நட்பும் கடவூர் வாசலும்

விசுவாவசு வருஷத்தில், அதாவது 1965 ஏப்ரலுக்கும் 1966 ஏப்ரலுக்கும் நடுவே பிறந்தவர்களுக்கு, அறுபது ஆண்டு கழித்து அதே பெயருள்ள வருஷம் திரும்பி வந்ததுமே, அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன அபிராமி கோயில் உள்ள திருக்கடவூர் (திருக்கடையூர்) அழைப்பும் வந்துவிடுகிறது. 1983-இல் சேர்ந்து 1986-இல் பட்டத்தோடு வெளியேறிய வகுப்புகளின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் தெரியும்: ஸ்டென்ட் வைத்த செய்தி, பேரன் பிறந்த செய்தி, ஓர் இரங்கல், அடுத்தது மஞ்சள் தடவிய சஷ்டியப்தபூர்த்திப் பத்திரிகை. ஹோட்டல் ஹாலில் கூடி ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வதைவிட அபிராமி வாசலில் கூடுவது நூறு மடங்கு மேல்.

முதல் சிக்கல் தேதி. அந்தத் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் இருப்பது, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. 2021-இல் தமிழக அரசு ஓய்வு வயதை 60 ஆக்கிய பிறகு, ரிட்டயர் ஆகும் நாளையே மணிவிழா நாளாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது தப்பு. ஜாதகத்தை எடுங்கள், பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாள்தான் கணக்கு. ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தால் பின்னால் வருவதைக் கொள்வது வழக்கம். வெளிநாட்டு நண்பர்களின் லீவுக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு இழுக்கக் கூடாது. ஒரு வகுப்பென்றால் இருபத்தேழு நட்சத்திரமும் இருக்கும்; ஒருவருடைய நாளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வந்து சேர்வதுதான் நடக்கிற காரியம்.

வருகிறவர்கள், வர முடியாதவர்கள் எல்லாருடைய பெயர், நட்சத்திரம், கோத்திரத்தையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கல்லூரியில் வைத்த பட்டப்பெயர் எல்லாருக்கும் தெரியும், நட்சத்திரம் ஒருவருக்கும் தெரியாது. 'ஒட்டடைக்குச்சி' என்று சங்கல்பம் செய்ய முடியுமா? பட்டியலைப் பெரிய எழுத்தில் இரண்டு பிரதி எடுங்கள். ஹோமப் புகையில் சின்ன எழுத்தைக் குருக்களாலும் படிக்க முடியாது. போய்ச் சேர்ந்தவர்கள் பெயர் இதில் வரக் கூடாது, அர்ச்சனை இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு அவரவர் ஊர்க் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றிவிட்டு வருவது நல்லது.

மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கினால் தரங்கம்பாடி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். வயதான நாலு ஜோடிகள் பட்டுப் புடவையோடு இறங்குவதைப் பார்த்தாலே போதும், "எத்தனை கலசம் சார்? பதினாறா, முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?" என்று ஆள் மாற்றி ஆள் வந்து மொய்க்கிறார்கள். குருக்களிடம் முன்பே பேசி, கலசம், மாலை, சாப்பாடு, தட்சிணை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முகூர்த்த நாளில் பிராகாரம் முழுக்க ஹோமம். ஒரு ஜோடியின் கெட்டிமேளத்துக்கு அடுத்த ஜோடி தாலியைக் கையில் எடுத்துவிடுகிறது. ஆஸ்துமாக்காரர்களைக் காற்று வரும் பக்கம் உட்கார வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து ஹோமம் முடியக் காத்திருந்தால் மயக்கம்தான். முழங்கால் மடங்காதவர்களுக்கு ஸ்டூல் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

கலசாபிஷேகத்தில்தான் வகுப்புக்கு வேலை. தம்பதி தலைக்கு மேல் சல்லடையைப் பிடிக்க, ஒவ்வொருவராக ஊற்றலாம். காது மெஷினையும் செல்போனையும் முதலில் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஈரக் கருங்கல் வழுக்கும். இருவரையும் இரண்டு பக்கமும் தாங்கி எழுப்பி, உடனே மாற்றுத் துணி கொடுங்கள்.

இத்தனை கூச்சலும், எமனை உதைத்த சிவனான காலசம்ஹார மூர்த்தி முன்னால் அடங்கிவிடுகிறது. எமனுடைய திசையான தெற்கைப் பார்த்து நிற்கிறார், எமன் காலடியில். தீபாராதனைத் தட்டு ஏறும் அந்த ஒரு நிமிஷம், பரீட்சை ஹாலில்கூட வாய் மூடாத கூட்டம் மூச்சுக் காட்டாமல் நிற்கும். பைபாஸ் தழும்புள்ளவர் கை தானாக நெஞ்சுக்குப் போகும். லிங்கத் திருமேனியிலேயே எமன் வீசிய பாசக்கயிற்றின் தழும்பு இருக்கிறது; நம்முடையதெல்லாம் எம்மாத்திரம்! பதினாறோடு முடிய வேண்டிய மார்க்கண்டேயனை என்றும் பதினாறாக்கியவன் நமக்கு அறுபது வரை கொடுத்ததற்கே நாம் ஆயிரம் கும்பிடு போட வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். மாங்கல்ய தாரணம் நடக்கும்போது, துணையை இழந்த நண்பர்களும் தோழிகளும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் ஜென்ம நட்சத்திரத்தில் ஆயுஷ் ஹோமம் உண்டு, மிருத்யுஞ்ஜய ஹோமம் உண்டு. ஜோடி இல்லாவிட்டால் கடவூரில் வேலையில்லை என்பது வீண் பேச்சு. அபிராமி அந்தாதி பாடிய அபிராமி பட்டர் தம் பதிகத்தில் அம்பாளிடம் பதினாறு பேறு கேட்கிறாரே, அதை வரிசையாக எண்ணிப் பாருங்கள். முதலில் கலையாத கல்வி, அடுத்து குறையாத வயது, மூன்றாவதே கபடு வாராத நட்பு. மனைவிகூட எட்டாவதாகத்தான் வருகிறாள்!

கல்வியில் சேர்த்து, வயதைக் கொடுத்து, நட்பை விடாமல் வைத்திருக்கிறாளே, அந்த வரிசையிலேயே கொடுத்திருக்கிறாளே, அம்மா, அபிராமி! அவள் சன்னிதியில் வராதவர்கள் பெயரைச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். பட்டியலின் இரண்டாவது பிரதி அதற்குத்தான், பக்கத்திலிருப்பவர் வாங்கிப் படிக்கட்டும். குங்குமத்தை அங்கேயே காகிதத்தில் மடித்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் எழுதலாம் என்றால் விட்டுப்போகும்.