பூச்சிகளுக்கு நடுவே ஒரு பறவை எழுத்தாளர்

ஜி. எம். ஹென்றி 1910இல் கொழும்பு அருங்காட்சியகத்தில் சேர்ந்தது படம் வரைபவராகத்தான். 1913இல் பூச்சியியல் பிரிவின் உதவியாளராகி, 1946இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பணியிலேயே இருந்தவர், 1955இல் வெளிவந்த தம்முடைய இலங்கைப் பறவைகள் வழிகாட்டி நூலுக்குப் படங்களையும் தாமே தீட்டினார். சம்பளம் பூச்சிக்கு, மனம் பறவைக்கு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வரையத் தெரிந்தவர் எழுதினால் பார்வை கூர்மையாக இருக்கும் என்பது என் எண்ணம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மதிலோரம் சருகைப் புரட்டிக்கொண்டு கூட்டமாகத் தத்தித் திரியும் பழுப்புப் பறவையைப் பல வருடங்களாகப் பார்த்திருந்தும், அதன் கண் வெளிறிய நீலம் என்பதை, பென்சிலும் கையுமாக உட்கார்ந்த அன்றுதான் கவனித்தேன். அப்பம்மா அதைப் புலுனி என்பார். என் குறிப்பேட்டிலும் அந்தப் பெயர்தான்.