ஃபயர்ஃபாக்ஸ் சர்டிபிகேட் செட்டிங்கை நோண்டி நான் பட்ட பாடு

தென்காசி பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன் போடுறது, கரண்ட் பில் கட்டுறது, டிக்கெட் போடுறதுன்னு மூணு சிஸ்டம், ஒரு லேப்டாப். கம்ப்யூட்டர் படிச்சவன்லாம் இல்ல, பிகாம் தான், ஆனா எந்த சாஃப்ட்வேர்லயும் செட்டிங்ஸ்னு ஒண்ணு கண்ணுல பட்டா உள்ள போய் ரெண்டு டிக்கை மாத்திப் பாக்காம தூக்கம் வராது. அந்த வியாதி என்னை எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு தான் எழுதுறேன், யாருக்காவது உதவலாம்.

2023 ஜனவரி வாக்குல டிஜிநோட்டார் கதையை படிச்சேன். நெதர்லாந்து கம்பெனி, வெப்சைட்டுகளுக்கு "இது நிஜமான சைட் தான்"னு சர்டிபிகேட் குடுக்குறது தான் அவங்க பொழப்பு. 2011ல எவனோ அவங்க சிஸ்டத்துக்குள்ள புகுந்து கூகுள் பேர்லயே சர்டிபிகேட் அடிச்சுட்டான், ஈரான்ல ஜிமெயில் பாத்தவங்க மேல அதை வச்சு ஒட்டு கேட்டிருக்காங்க, அந்த வருஷமே கம்பெனி திவால். சரி அது எங்கேயோ நடந்ததுன்னு விட முடியல, ஏன்னா 2014 ஜூலைல நம்ம நாட்டுலயே மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசி கையில இருந்த இன்டர்மீடியட் சர்டிபிகேட்ல (மத்த சர்டிபிகேட்டுக்கு கையெழுத்து போடுற அதிகாரம் உள்ளது) இருந்து கூகுள் டொமைனுக்கெல்லாம் அனுமதி இல்லாத சர்டிபிகேட் வெளிய வந்திருக்கு. விண்டோஸோட நம்பிக்கை லிஸ்ட்ல இந்திய ரூட், அதாவது எல்லாத்துக்கும் மேல இருக்குற தலை சர்டிபிகேட், இருந்ததால அந்த லிஸ்ட்டை நம்பி ஓடுற புரோகிராம்களுக்கு தான் சிக்கல், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் தனக்குன்னு தனியா ஒரு ரூட் லிஸ்ட் வச்சிருக்கு, அதுல இது இல்லவே இல்ல, அதனால தப்பிச்சுது. இதை படிச்ச அன்னிக்கே கடையில எல்லா சிஸ்டத்துலயும் ஃபயர்ஃபாக்ஸ் தான்னு முடிவு பண்ணிட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம்.

ஓசிஎஸ்பின்னு ஒண்ணு இருக்கு. செக் போஸ்ட்ல லைசென்ஸை வாங்கி பாக்குறாங்க, தேதி எல்லாம் சரியா இருக்கு, ஆனா போன வாரம் அதை கேன்சல் பண்ணியிருந்தா? அதுக்கு ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு "இந்த நம்பர் இன்னும் உயிரோட இருக்கா"ன்னு கேக்கணும்ல, அதே மாதிரி சைட்டோட சர்டிபிகேட் கேன்சல் ஆயிருக்கான்னு அதை குடுத்த கம்பெனிகிட்ட பிரவுசர் கேக்குற போன் தான் ஓசிஎஸ்பி. ஆபீஸ்ல போனை எடுக்கலன்னா என்ன பண்றதுன்னு தான் கேள்வியே. ஃபயர்ஃபாக்ஸ் அப்ப வழக்கமா ரெண்டு செகண்ட் பாத்துட்டு "சரி போ"ன்னு விட்டுட்டு இருந்துச்சு. குரோம் 2012லயே இந்த போன் போடுற வேலையே வேணாம்னு நிறுத்திருச்சு, ஏன்னா நடுவுல உக்காந்து திருடுறவன் அந்த போன் லைனையும் சேர்த்து தான அறுப்பான், அப்ப "சரி போ"ன்னு விடுறதுல என்ன பிரயோஜனம்னு அவங்க வாதம். எனக்கும் அது நியாயமா பட்டுச்சு, ஆனா நான் எடுத்த முடிவு தலைகீழ். போனை எடுக்கலன்னா வண்டி நகரவே கூடாதுன்னு வச்சுட்டேன்.

எப்படின்னா, அட்ரஸ் பார்ல அபவுட் கன்ஃபிக்னு அடிச்சா வர்ற பக்கத்துல செக்யூரிட்டி டாட் ஓசிஎஸ்பி டாட் ரிக்வயர்னு ஒரு வரி இருக்கும், அது ஃபால்ஸ்ல இருக்கும், ட்ரூ ஆக்கணும். நாலு சிஸ்டத்துலயும் கையால மாத்த சோம்பல்பட்டு, இந்த வரியோட இதே மாதிரி பாதுகாப்பு செட்டிங் எல்லாம் மொத்தமா எழுதி வச்ச யூசர் டாட் ஜேஎஸ்னு ஒரு ஃபைலை இறக்கி, மேலோட்டமா படிச்சு, ஒவ்வொரு சிஸ்டத்துலயும் ஃபயர்ஃபாக்ஸோட புரொஃபைல் ஃபோல்டருக்குள்ள போட்டேன். மறந்தும் போயிட்டேன். இது தான் பின்னாடி கழுத்தை புடிச்சது.

ஏழெட்டு மாசம் ஒண்ணும் ஆகல. எப்பவாவது ஒரு சைட் பத்து செகண்ட் சுத்திட்டு வரும், நெட் ஸ்லோன்னு நினைச்சுக்குவேன்.

ஆகஸ்ட்ல ஒரு நாள். ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனுக்கு கடைசி தேதி, காலையிலயே ஒரு அக்கா மகளை கூட்டிட்டு வந்து உக்காந்திருக்காங்க, மடியில மஞ்சப்பையில சர்டிபிகேட் எல்லாம். கூகுள் வருது. யூடியூப் வருது. அப்ளிகேஷன் சைட் மட்டும் செக்யூர் கனெக்ஷன் ஃபெயில்டுன்னு நிக்குது. வழக்கமா வர்ற மஞ்சள் எச்சரிக்கை பக்கம்னா அட்வான்ஸ்டு அமுக்கி அக்செப்ட் த ரிஸ்க் குடுத்து உள்ள போக ஒரு வழி இருக்கும், இதுல அந்த பட்டனே இல்ல, ட்ரை அகெய்ன் மட்டும் தான். நானும் அமுக்குறேன் அமுக்குறேன். அந்த பொண்ணு மெதுவா "அண்ணே, என் போன்ல குரோம்ல அதே சைட் வருதே"ன்னு காட்டுச்சு. அந்த அக்கா என்னை பாத்த பார்வை இருக்கே, "தம்பி, சிஸ்டம் பழசோ?"ன்னாங்க. புது சிஸ்டம் அது.

அன்னிக்கு வேற வழி இல்லாம அந்த சிஸ்டத்துலயே குரோம்ல போட்டு அனுப்பிட்டேன். மனசு ஆறல. மதியம் கூட்டம் குறைஞ்சதும் தான் அந்த எரர் பக்கத்தை முழுசா படிச்சேன், அதுவரைக்கும் படிக்கவே இல்லங்கிறது தான் வெக்கக்கேடு. அடியில சின்ன எழுத்துல செக் எரர் ஓசிஎஸ்பி மால்ஃபார்ம்டு ரெஸ்பான்ஸ். ஓசிஎஸ்பிங்கிற எழுத்தை பாத்ததும் தான் ஜனவரில பண்ண வேலை ஞாபகம் வந்துச்சு. ஆனா மால்ஃபார்ம்டுன்னா போனை எடுக்கலன்னு அர்த்தம் இல்ல, எடுத்தவன் உளறுறான்னு அர்த்தம். யார் எடுத்தா?

இங்க ஒரு விஷயம் சொல்லணும். பூட்டு போட்ட சைட்டை, அதாவது எச்டிடிபிஎஸ் சைட்டை, சோதிக்கிற இந்த ஓசிஎஸ்பி கேள்வி பூட்டு போடாத சாதா எச்டிடிபில தான் போகும், பூட்டை சோதிக்க இன்னொரு பூட்டு, அதை சோதிக்க இன்னொண்ணுன்னு முடிவே இல்லாம போயிரும்ல. அப்ப நடுவுல இருக்குறவன் யார் வேணா அதுக்கு பதில் சொல்லலாம். கையெழுத்து இல்லாத பதிலை ஃபயர்ஃபாக்ஸ் நம்பாது, அது வேற, ஆனா பதிலை கெடுக்கலாம். நெவர் எஸ்எஸ்எல்னு வேணும்னே எச்டிடிபிஎஸ் இல்லாம ஒரு சைட் வச்சிருக்காங்க, அதை திறந்து பாத்தேன். அந்த சைட் வரல. எங்க ஏரியா நெட்காரரோட பக்கம் வந்துச்சு, "உங்கள் பிளான் முடியப் போகிறது, பணம் கட்டவும்"னு, கீழ ஒரு போன் நம்பரோட. எச்டிடிபிஎஸ் எல்லாத்தையும் ஒழுங்கா விட்டுட்டு சாதா எச்டிடிபி போக்குவரத்தை மட்டும் மடக்கி இந்த நோட்டீஸை காட்டிட்டு இருந்திருக்காங்க. ஃபயர்ஃபாக்ஸ் ஆபீஸுக்கு போன் போட்டு "இந்த சர்டிபிகேட் நல்லதா"ன்னு கேட்டா மறுமுனையில "பில் கட்டுங்க"ன்னு பதில். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

அப்ப கூகுள் மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேக்கலாம், நானும் அதுல தான் ரொம்ப நேரம் குழம்புனேன். பதில் இவ்ளோ தான். சில சைட்டுகள் அந்த ஆபீஸ் பதிலை கையெழுத்தோட முன்னாடியே வாங்கி சர்டிபிகேட் கூடவே பின் அடிச்சு குடுத்துரும், ஸ்டேப்ளிங்னே பேர், அப்ப பிரவுசர் தனியா போன் போட வேண்டியதில்ல. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நல்ல பதில் வாங்கியிருந்தாலும் அதை ஞாபகம் வச்சு விட்டுரும். சர்டிபிகேட்ல ஓசிஎஸ்பி அட்ரஸே இல்லன்னா எவ்ளோ ஸ்ட்ரிக்டா வச்சாலும் ஃபயர்ஃபாக்ஸ் கேக்காம விட்டுரும், இது எனக்கு அப்ப பெரிய ஏமாற்றம், போன் நம்பர் இருக்குறவனை மட்டும் நிறுத்தி வச்சு இல்லாதவனை சல்யூட் அடிச்சு அனுப்புற செக் போஸ்ட்.

சரின்னு அபவுட் கன்ஃபிக் போய் அந்த வரியை ஃபால்ஸ் ஆக்குனேன். சைட் வந்துச்சு. நிம்மதி. மறுநாள் காலைல கடையை திறந்தா திரும்ப அதே எரர். போய் பாத்தா ட்ரூன்னு நிக்குது. திரும்ப மாத்துனேன், ஃபயர்ஃபாக்ஸை மூடி திறந்தேன், திரும்ப ட்ரூ. மூணாவது தடவை எனக்கு நிஜமாவே கை நடுங்கிருச்சு, வைரஸ்னு முடிவே பண்ணிட்டேன், ஒரு ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடுச்சு, ஒரு மண்ணும் கிடைக்கல. அப்புறம் அபவுட் சப்போர்ட் பக்கத்துல புரொஃபைல் ஃபோல்டரை திறக்குற பட்டனை அமுக்கி உள்ள போனா, ஃபைல் கூட்டத்துக்கு நடுவுல உக்காந்திருக்கு நான் போட்ட அந்த யூசர் டாட் ஜேஎஸ். ஒவ்வொரு தடவை ஃபயர்ஃபாக்ஸ் திறக்கும்போதும் அந்த ஃபைலை படிச்சு அதுல இருக்குறதையெல்லாம் மறுபடி எழுதும், நாம கையால என்ன மாத்தியிருந்தாலும் போச்சு. அந்த ஃபைலோட வேலையே அது தான். பேரை மாத்தி ஓல்டுன்னு போட்டேன், அபவுட் கன்ஃபிக்ல ஒருவாட்டி ஃபால்ஸ் ஆக்குனேன், அடங்கிருச்சு. ஃபைலை எடுத்தா மட்டும் பழைய நிலைக்கு வராது, ஏற்கனவே எழுதுனது அங்கயே இருக்கும், அதையும் கவனிங்க.

மூணு சிஸ்டத்துல ரெண்டு சரியாச்சு. மூணாவது அந்த விண்டோஸ் 7 கிழவன். அதுல இன்னமும் எந்த சைட்டும் வரல, நான் மறுபடி செட்டிங்ஸ்ல போய் ஒரு மணி நேரம் தோண்டிட்டு இருக்கேன். இந்த தடவை எரர் வேற, அடியில நாட் யெட் வேலிட் சர்டிபிகேட்னு இருக்கு. சர்டிபிகேட் இன்னும் பொறக்கவே இல்லயாம். கடைசில பாத்தா ஃபயர்ஃபாக்ஸ் அதே பக்கத்துல தெளிவா சொல்லிட்டு தான் இருந்திருக்கு, உன் கம்ப்யூட்டர் தேதி 2009 ஜனவரி 1னு நினைச்சிட்டு இருக்குன்னு. மதர்போர்டுல தேதி நேரத்தை ஞாபகம் வச்சுக்குற சிமாஸ் பேட்டரி செத்துப்போச்சு. நான் ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சுட்டு போற ஆளு, விடிஞ்சா அது 2009ல முழிச்சிருக்கு. விண்டோஸ் 7 தானா நேரத்தை நெட்ல பாத்து திருத்திக்கும் தான், ஆனா 15 மணி நேரத்துக்கு மேல வித்தியாசம்னா தொடாது, பதினாலு வருஷத்தை எங்க தொட. வாட்ச் கடையில சிஆர் 2032 பேட்டரி ஒண்ணு அப்ப 40 ரூபா, நகத்தால நெம்பி பழசை எடுத்துட்டு புதுசை அழுத்துனா வேலை முடிஞ்சுது. சர்டிபிகேட் பிரச்சனைக்கு ஸ்க்ரூடிரைவர் எடுத்த முதல் ஆள் நானா தான் இருப்பேன்னு நினைச்சேன், அப்புறம் விசாரிச்சா பழைய சிஸ்டம் வச்சிருக்குற பாதி பேர் இதை பாத்திருக்காங்க.

லேப்டாப் கதை ஒரு மாசம் கழிச்சு. அக்கா பையன் ஏதோ ஆன்டிவைரஸ் ட்ரையல் போட்டு குடுத்துட்டு போனான், அன்னிலருந்து எல்லா சைட்டும் அன்நோன் இஷ்யூயர், சர்டிபிகேட் குடுத்தவன் யார்னே தெரியலயாம். இந்த தடவை முதல்ல எரர் கோட் என்னன்னு படிச்சேன், வியூ சர்டிபிகேட் அமுக்கி இஷ்யூயர்ங்கிற இடத்துல யார் பேர் இருக்குன்னு பாத்தேன். பேங்க் சைட்டோட சர்டிபிகேட்டை கையெழுத்து போட்டு குடுத்தது அந்த ஆன்டிவைரஸ். எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்னு ஒரு ஆப்ஷன், நடுவுல உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சு பாத்துட்டு தன் கையெழுத்தை போட்டு அனுப்பும். அதோட ரூட் விண்டோஸ் லிஸ்ட்ல ஏறியிருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் லிஸ்ட்ல இல்ல. இப்படி ஒரு நிலைமைன்னா விண்டோஸ் லிஸ்ட்டையும் தானா எடுத்துக்குற வசதி ஃபயர்ஃபாக்ஸ்ல இருக்கு, அதையும் என் ஃபைல் தான் அடைச்சு வச்சிருந்துச்சு, லேப்டாப்ல அந்த ஃபைலை எடுக்க மறந்துட்டேன். திறந்து விட்டிருக்கலாம், இல்ல அந்த ரூட்டை இம்போர்ட் பண்ணியிருக்கலாம், ரெண்டும் பண்ணல. ஜனங்க கார்டு நம்பர் அடிக்கிற மெஷின்ல நடுவுல ஒருத்தன் பிரிச்சு படிக்கணும்னு என்ன அவசியம், ஸ்கேனிங்கை அணைச்சேன், ஃபைலையும் தூக்குனேன். ஆபீஸ் நெட்வொர்க்ல அவங்க ரூட்டை போடச் சொன்னா அது அவங்க மெஷின், அவங்க ரூல், அது வேற கணக்கு.

அதே சூட்டோட செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்கு போய் அடியில இருக்குற வியூ சர்டிபிகேட்ஸ், அதுல சர்வர்ஸ்ங்கிற டேப் பாத்தேன். அக்செப்ட் த ரிஸ்க் குடுத்ததெல்லாம் அங்க தான் வரிசையா நிக்கும். 11 சைட். கடைப்பையன் மூணு வருஷமா எதை பாத்தாலும் அமுக்கி தள்ளியிருக்கான். எங்க ரவுட்டர் அட்ரஸ் ஒண்ணை மட்டும் விட்டுட்டு மீதி பத்தையும் அழிச்சேன்.

இப்ப ஓசிஎஸ்பியே வழக்கொழிஞ்சு போயிட்டு இருக்கு. இலவசமா சர்டிபிகேட் குடுக்குற லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஆகஸ்ட் 6ல அவங்க ஓசிஎஸ்பி சர்வரை மொத்தமா அணைச்சுட்டாங்க, நீ எந்த சைட் பாக்குறன்னு ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீஸுக்கு தெரியுதே, அது தான் அவங்க சொன்ன முக்கிய காரணம். ஃபயர்ஃபாக்ஸும் கேன்சல் ஆன சர்டிபிகேட் லிஸ்ட்டை சுருக்கி நம்ம மெஷினுக்கே அனுப்பிருது, சிஆர்லைட்னு பேர், போன் போடவே வேண்டாம். நான் ஒரு மாசம் மல்லுக்கட்டுன செட்டிங்குக்கு இனி பெருசா வேலையே இல்ல.

அந்த பத்து சைட்டை அழிச்ச அன்னிக்கே மூணு மானிட்டர்லயும் அடியில ஒரு பேப்பர் ஒட்டினேன், "எரர் வந்தா கோட் என்னன்னு படிச்சுட்டு கூப்பிடு"ன்னு. போன வாரம் நான் வெளியூர்ல இருந்தப்ப பையன் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினான், எச்சரிக்கை பக்கம் பெருசா தெரியுது, அந்த பேப்பர்கூட தெளிவா தெரியுது. கோட் இருக்குற இடத்துல அவன் கட்டைவிரல்.