பூட்டியே வரும் ரூட் கணக்கு

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் ஒரு கடையில், உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினியைப் பார்க்கப் போன மாதம் சென்றிருந்தேன். முதலாளி வெளியூரில் இருக்கும் நாட்களிலும் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, யாரோ அதை, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச் வழியாக இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்நுழைவுப் பதிவுக் கோப்பைத் திறந்ததும் நெஞ்சு பதறியது. கணினியில் எல்லா அதிகாரமும் கொண்ட கணக்கான ரூட் என்ற பெயருக்குக் கடவுச்சொல் தவறு என்னும் ஒரே வரி, சில நொடி இடைவெளிகளில், பக்கம் பக்கமாக நீண்டுகொண்டே போனது.

"ஒவ்வொரு தடவையும் சூடோ அடிக்கணும்ணே, அதான் ரூட்டுக்கே பாஸ்வேர்டு போட்டாச்சு" என்றார் கடையில் வேலை பார்க்கும் தம்பி. அந்தப் பாஸ்வேர்டு, கடையின் பெயரும் 123-உம்தான். அவர் அலுத்துக்கொண்ட சூடோ என்பது, சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லையே கொடுத்து, ரூட்டின் அதிகாரத்தில் ஒரு கட்டளையை இயக்கும் வழி.

உபுண்டு, 2004-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே ரூட் கணக்கைப் பூட்டித்தான் தருகிறது. கடவுச்சொல் விவரங்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பில் ரூட்டின் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆச்சரியக்குறியோ நட்சத்திரக்குறியோ மட்டுமே இருக்கும்; எந்தச் சொல்லைத் தட்டினாலும் அதன் ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் மாற்றுருவம்) அந்தக் குறியோடு பொருந்தவே பொருந்தாது. கடவுச்சொல் காலியாக இருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் பயந்துபோய் ரூட்டுக்குப் புதிதாகக் கடவுச்சொல் வைக்கிறார்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனிலும், நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை நிரப்பாமல் விட்டால், கணக்கு பூட்டப்பட்டு முதல் பயனருக்கு சூடோ உரிமை கிடைக்கும்.

ரூட் என்ற பெயர் ஊரறிந்தது என்பதால், தாக்குபவர் கடவுச்சொல்லை மட்டும் ஊகித்தால் போதும். சூடோவில் அப்படியில்லை, பயனரின் பெயரையும் கண்டுபிடிக்க வேண்டும், எந்தக் கட்டளையை யார் கொடுத்தார் என்பதும் பதிவாகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல் கேட்பது, என் மனத்துக்கு, தொல்லையே அல்ல.

எஸ்.எஸ்.எச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓபன் எஸ்.எஸ்.எச்சும் 2015-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, ரூட் கடவுச்சொல் கொண்டு நுழைவதை இயல்பாகவே தடுக்கிறது. இந்தக் கணினியில் அதற்கான அமைப்பு வரியிலும் கைவைத்து 'யெஸ்' என்று மாற்றியிருந்தார்கள்.

அந்நியர் எவரும் நுழைந்த தடயம் பதிவில் இல்லை. எஸ்.எஸ்.எச் அமைப்பில் ரூட் நுழைவை முற்றிலும் நிறுத்தினேன். பிறகு பாஸ்வேர்டு (passwd) கட்டளையின் எல் (-l) தெரிவைக் கொண்டு கணக்கை மீண்டும் பூட்டினேன். இந்தப் பூட்டு கடவுச்சொல் வழியை மட்டுமே அடைக்கும், எஸ்.எஸ்.எச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் கோப்பு) இருந்தால் அதைத் தடுக்காது என்பதால், ரூட்டின் வீட்டு அடைவில் அப்படி ஏதும் இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன். இல்லை.

பிறகு முதலாளியை அருகில் அழைத்து, கணினியை, பழுது பார்ப்பதற்கான ரெக்கவரி முறையில் தொடங்கிக் காட்டினேன். ரூட் பூட்டியிருந்தும், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ரூட் ஷெல் (ரூட்டின் அதிகாரத்தில் கட்டளை தட்டும் திரை) திறந்தது. கணினி இருப்பதோ வாடிக்கையாளர் நிற்கும் மேசையின் ஓரத்தில். அன்றே அதை உள்ளறைக்கு மாற்றச் சொன்னேன்; கடை அடைத்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து புதிதாக நிறுவித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.